ஆ, க, 4, 7: என்னைக் கவிழ்த்த நாலு அட்டைகள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை, ஒரு தாளில் நாலு அட்டை வரைந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், தெரிகிறதா? ஆ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கவேண்டும். இது உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டையைக் கட்டாயம் திருப்பவேண்டும்? தேவையில்லாமல் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

சரி. ஆ-வும் 4-உம் என்றுதானே சொன்னீர்கள்? நானும் அதைத்தான் சொன்னேன், அதுவும் அலட்சியமாக, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி. விடை ஆ-வும் 7-உம். 4-க்குப் பின்னால் என்ன எழுத்து இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரட்டைப்படை இருந்தால் உயிரெழுத்து இருக்கும் என்று யாருமே சொல்லவில்லை, நாமாகச் சேர்த்துக்கொண்டோம். 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டால் விதி காலி. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட சோதனை இது, அவர் வைத்தவை ஆங்கில எழுத்துகள். பெரும்பாலானோர் இதில் தவறித்தான் போகிறார்கள்.

எனக்கு இது ஏன் உறைத்தது என்றால், அந்தச் சமயத்தில் நான் போலி வாதங்களின் பெயர்களை ஒரு நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். யார் என்ன பேசினாலும் "இது ஆளைத் தாக்குகிற வாதம்", "இது சுற்றி வளைத்து அதையே சொல்வது" என்று முத்திரை குத்திவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். (வீட்டில் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.) அவ்வளவு பெயர் தெரிந்தும் நாலு அட்டையில் கவிழ்ந்தேன்.

நாம் சறுக்குகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரி. அதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்றால்? நீலமாக எரிகிற கேஸ் அடுப்பில் புகை எங்கே? மணிமேகலையில் 29-ஆவது காதையில் அறவண அடிகள் என்கிற பௌத்தத் துறவி தருக்கம் சொல்லித்தருகிற இடத்தில் இதே புகைதான் வருகிறது: மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவவேண்டிய முடிவு; புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும் என்றும் பிரித்துச் சொல்கிறார். வாதத்தை மொத்தமாகத் தூக்கிப் போடாமல் எந்த மூட்டு கழன்றிருக்கிறது என்று பார்க்கிறார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நான் இப்போது செய்வது ஒரு சின்ன வேலை. வாதத்தின் சொற்களை எடுத்துவிட்டு வேறு சொற்களைப் போட்டுப் பார்ப்பேன். "நேர்மையானவர்கள் எல்லாம் வெளிப்படையாகப் பேசுவார்கள், இவர் வெளிப்படையாகப் பேசுகிறார், ஆகவே இவர் நேர்மையானவர்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? இப்போது பாருங்கள்: பூனைகளுக்கெல்லாம் கண் உண்டு, மாட்டுக்குக் கண் உண்டு, ஆகவே மாடு ஒரு பூனை. அச்சு ஒன்றுதான், முதல் வாதத்தில் முடிவு நமக்குப் பிடித்திருந்ததால் கண்ணில் படவில்லை.

இதற்கு நேர் எதிரும் உண்டு. பறவைகள் எல்லாம் பறக்கும், நெருப்புக்கோழி ஒரு பறவை, ஆகவே அது பறக்கும். அச்சில் ஒரு குறையும் இல்லை, முதல் வரிதான் பொய். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டியிருக்கிறது: வரிகள் உண்மையா, உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் முடிவு வருமா?

அப்புறம் ஒன்று, வாதம் உடைந்தால் முடிவும் பொய் என்று ஆகிவிடாது. போன மாதம் நான் போட்ட வீடியோவையே உட்கார்ந்து இப்படிப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் மாடு பூனையாகியிருந்தது. ஒன்றை வெட்டி எடுத்துவிட்டேன். இன்னொன்றின் முடிவை இப்போதும் நம்புகிறேன், ஆனால் நான் சொன்ன காரணத்தை வைத்து அல்ல, அதனால் வேறு காரணம் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அடுத்த வீடியோ அதுதான்.