யூகே கராஜ்: விழாத அடியும் திரும்பும் தட்டும்

(காட்சி: நிலவறைக்கு இறங்கும் குறுகலான படிகள், கீழே மங்கிய சிவப்பு விளக்கு)

லண்டன் ஷோர்டிச் பகுதியில், கர்ட்டன் சாலையில், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்படும்வரை இயங்கிய பிளாஸ்டிக் பீப்பிள் கிளப் இத்தகைய ஒரு நிலவறைதான். ஏறக்குறைய 200 பேர் நின்றாலே நிரம்பிவிடும் அறை. விளக்கைவிட ஒலிபெருக்கிக்கே அங்கு மதிப்பு அதிகம். லண்டனில் வளர்ந்த நடன இசையான யூகே கராஜை ஓடவிடும் டிஜே ஒருவரின் கைத்திறனை அறிந்துகொள்ள, பெரிய அரங்கைவிட இப்படிப்பட்ட இடமே ஏற்றது.

(காட்சி: நான்கு கட்டங்கள், இரண்டில் மட்டும் புள்ளி)

ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையில் நான்கு அடிகளிலும் கிக் டிரம் என்னும் கனத்த டிரம் ஒலி தவறாமல் விழும். 1990களின் பிற்பகுதியில் லண்டனில் வளர்ந்த டூ-ஸ்டெப் என்னும் யூகே கராஜ் வகையிலோ, இரண்டாம், நான்காம் அடிகளில் கிக் விழாது. அங்கு ஸ்னேர் என்னும் கூர்மையான டிரம் ஒலி மட்டும் கேட்க, ஹை-ஹேட் என்னும் தாளத்தட்டின் ஒலி சற்றே பின்தங்கி ஊசலாடும். அப்படிக் காலியாக விடப்பட்ட இடத்துக்குள் பேஸ் என்னும் தாழ்ந்த சுருதி ஒலி புகுந்துகொள்கிறது. ஆடுபவரின் உடலும் அந்த விழாத அடியைத் தானே போட்டு நிரப்புகிறது.

இதன் வேகம் நிமிடத்துக்கு 130 அடிகளை ஒட்டியது. ஹவுஸ் இசையின் ஒரு வகையான அமெரிக்க கராஜின் இசைத்தட்டுகளை, 8 விழுக்காடு வரை வேகம் கூட்டக்கூடிய டெக்னிக்ஸ் சுழல்மேசையில் லண்டன் டிஜேக்கள் விரைவாக ஓடவிட்டதிலிருந்து வந்த வேகம் இது. வேகம் கூடினால் பாடகரின் குரல் கீச்சிடும் என்பதால், குரல் குறைந்த டப் வடிவங்களையே அவர்கள் விரும்பினார்கள்.

(காட்சி: பாடல்களைக் கலக்கும் மிக்சர் கருவியின் குமிழ்களில் விரல்கள்)

இரண்டு பாடல்களை இணைப்பதுதான் கடினமான வேலை. சீரற்று விழும் இரண்டு கிக் வரிசைகள் மோதினால் செவிக்குக் குழப்பமே மிஞ்சும் என்பதால், டிஜே ஓடிக்கொண்டிருக்கும் பாடலின் பேஸை முழுவதும் குறைத்துவிட்டு, புதிய பாடலின் பேஸை நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றின் முதல் அடியில் திறந்துவிடுகிறார். 16 சுற்றுகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 நொடிகளே. லண்டனின் யூகே கராஜ் கலைஞர் டிஜே ஈஸி இந்த நெருக்கடியையே விளையாட்டாக்கியவர். பாடலைக் குறித்துவைத்த இடத்திலிருந்து ஒலிக்கச்செய்யும் கியூ பொத்தானை விரலால் தட்டித்தட்டி, வரவிருக்கும் பாடலின் ஒரு துணுக்கை மேளம்போல வாசிப்பார்.

(காட்சி: பின்னோக்கிச் சுழலும் தட்டு)

புதிய பாடலின் பேஸ் புகுந்ததும் கூட்டம் கூச்சலிட்டுச் சுவரைத் தட்டினால், அதன் பொருள் 'ஒன்ஸ் மோர்'. ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் எனப்படும் நடமாடும் ஒலிபெருக்கிக் குழுக்களின் மரபிலிருந்து வந்த, பாடலை மீண்டும் முதலிலிருந்து போடும் இந்த ரீவைண்டைப் பெரிய விழா மேடையில் நிற்பவர் ஊகித்துத்தான் செய்ய வேண்டும். சிறு நிலவறையிலோ, சுவரைத் தட்டும் கை டிஜேயின் கண்ணெதிரே இருக்கிறது. அவர் தட்டைப் பின்னிழுக்கிறார். இசையற்ற அந்தச் சில நொடிகளை ஒலிவாங்கியில் பேசிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் எம்சி தன் குரலால் தாங்கி நிற்க, அதே பாடல் முதலிலிருந்து தொடங்குகிறது.