ஒரு ஷில்லிங் படம்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மூன்றாம் வரிசையில் முறுக்கைக் கடிக்காமல் சத்தம் வந்துவிடுமோ என்று வாயிலேயே ஊற வைத்திருக்கும் பெரியவரே, அனைவருக்கும் வணக்கம். எட்டு நிமிடத்தில் வணக்கத்துக்கு இவ்வளவுதான் ஒதுக்க முடியும்.

அன்று ஆங்கிலேயர் ஆண்ட ஜமைக்காத் தீவில், எத்தியோப்பியப் பேரரசரைக் கடவுளாக வணங்கும் ராஸ்தஃபாரி நெறியை முதன்முதலில் மக்களிடம் கொண்டுபோனவர்களில் ஒருவர் லெனார்ட் ஹோவல். அவருடைய வாழ்க்கை வென்ற வாழ்க்கையா, தோற்ற வாழ்க்கையா? வென்றது என்று பேச வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்த பக்கம் இது. ஆனால் சற்றுமுன் எதிரணி நண்பர் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு இது என் சொந்தப் பக்கமாகிவிட்டது.

"ஹோவல் போதகர் அல்லர், போட்டோ வியாபாரி" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். 1930 நவம்பர் 2ஆம் தேதி எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரோடு பேரரசராக முடிசூடினார். விழாவுக்கு இங்கிலாந்து மன்னர் தம் சொந்த மகனான குளோஸ்டர் கோமகனையே அனுப்பினார். நியூயார்க்கில் பல காலம் பிழைத்துவிட்டு 1932இல் ஊர் திரும்பிய ஹோவல், அடுத்த ஆண்டே செயின்ட் தாமஸ் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கூட்டம் போட்டார். உங்கள் ராஜா லண்டனில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறார், உங்கள் நிறத்தில் இருக்கிறார் என்று பேசினார். பேசிவிட்டுப் பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். எத்தியோப்பியாவுக்குக் கப்பலேற அந்தப் படமே பாஸ்போர்ட் என்று சொல்லி விற்றதாகவும் புகார் உண்டு. கப்பல் வரவில்லை. இதைத்தான் நண்பர் பிடித்துக்கொண்டார்.

படம் விற்பதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். எங்கள் ஊருக்குச் சைக்கிளில் சாமிப் படம் விற்பவர் ஒருவர் வருவார். பின்னால் கேரியரில் கோணிச் சாக்குச் சுற்றிய கண்ணாடிப் படங்கள். வாரம் ஒரு ரூபாய்த் தவணை. எங்கள் ஆச்சிக்கு முருகன் வேண்டும். சின்னப் படம் எட்டு ரூபாய். மயிலோடு நிற்கும் பெரிய படம் பத்து ரூபாய். ஆச்சி கேட்டார்: "ஏன் தம்பி, முருகனுக்கு எட்டு ரூபாய், சரி. மயிலுக்கு எதற்குத் தனியாக இரண்டு ரூபாய்?"

அவரும் விவரமானவர். "ஆச்சி, மயில் இல்லாமல் முருகன் எப்படி உங்கள் வீட்டுக்கு வருவார்?"

ஆச்சி சொன்னார்: "நீ சைக்கிளில்தானே கொண்டுவந்தாய்!"

சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், மறுபடி சைக்கிளைப் பார்த்தார். வெயிலில் பத்து மைல் மிதித்து வந்தவர் தானே வாகனம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் ஆச்சி மயிலோடுதான் வாங்கினார். பத்து ரூபாய், பத்து வாரம். எங்கள் தெருவில் யாரும் அந்த மனிதரை மோசடிக்காரர் என்று சொன்னதில்லை. அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு ஆச்சி பழனிக்கு டிக்கெட் கேட்டதும் இல்லை.

இப்போது ஜமைக்காவுக்கு வருவோம். நண்பர் ஒரு ஷில்லிங் என்று நான்கு முறை சொன்னார். அந்தக் காசை ஒரு முறையாவது திருப்பிப் பார்த்தாரா? அதில் யார் தலை இருந்தது? ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை! கரும்பு வெட்டிய கையில் அந்தக் காசு வருகிறது. வெட்டியவர் அதை ஹோவலிடம் நீட்டுகிறார். வெள்ளை ராஜாவின் தலையைக் கொடுத்துவிட்டுக் கறுப்பு ராஜாவின் முகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இதுவா வியாபாரம்?

எதிரணிக்குப் புரியாதது ஆங்கில அரசுக்குப் புரிந்தது. வெறும் போட்டோ வியாபாரி என்றால் லைசென்ஸ் எங்கே என்று கேட்டு அபராதம் போட்டிருப்பார்கள். ஹோவல் மீது போட்டது ராஜத்துரோக வழக்கு. 1934 மார்ச்சில் மொராண்ட் பே நகரில் விசாரித்தது தீவின் தலைமை நீதிபதி. இரண்டு ஆண்டு சிறை. சாமிப் படம் விற்றவரைத் தலைமை நீதிபதி விசாரித்ததை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதே மொராண்ட் பேயில்தான் 1865இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த மக்களின் தலைவர் பால் போகிளைத் தூக்கில் போட்டார்கள். அந்த ஊரில் நீதிமன்றம் என்றால் மக்களுக்கு என்ன நினைவு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். வேகமாகப் போகிறேன்.

1935இல் ஹோவல் வெளியிட்ட சிறு நூலில் ஆசிரியர் என்று அவர் போட்டுக்கொண்ட புனைபெயர் ஜி. ஜி. மராக். மராக் என்றால் மகராஜ்! 1845 முதல் இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் அந்தத் தீவுக்குக் கொடுத்த சொல். அவர்களோடு போன இன்னொரு சொல் கஞ்சா. அதை ஹோவல் ஏன் பயிரிட்டார் என்று நண்பர் கேட்டார். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. நியாயப்படுத்தினால் நடுவரே என்னை இறக்கிவிடுவார்.

ஹோவலை மனநல மருத்துவமனையிலும் அடைத்தார்கள். வெளியே வந்து 1940இல் ஸ்லைகோவில் பக்கத்து மலையில் பினாக்கிள் என்று ஒரு குடியிருப்பு அமைத்தார். ஸ்லைகோவில் எது தெரியுமா? அடிமைத்தளை நீங்கியவர்கள் தமக்கென்று நிலம் வாங்கிக் குடியேறிய முதல் சுதந்திர கிராமம். அங்கே பயிர் வைத்தார்கள், ரொட்டி சுட்டார்கள். 1941இல் போலீஸ் வந்தது. 1954இல் மறுபடி வந்து கலைத்தே போட்டது. தோற்றுவிட்டார் என்கிறார்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 1966 ஏப்ரல் 21. கிங்ஸ்டன் விமான நிலையம். ஹைலே செலாசியின் விமானம் இறங்குகிறது. ஒரு லட்சம் பேர் என்கிறார்கள், ஓடுதளத்திலேயே கூட்டம். பேரரசரால் இறங்க முடியவில்லை. படியேறிப் போய்க் கூட்டத்தை அமைதிப்படுத்தியவர் மார்ட்டிமர் பிளானோ, அடுத்த தலைமுறை ராஸ்தஃபாரித் தலைவர். அந்தப் படிக்கட்டில் ஹோவல் இல்லை. முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் காகிதத்தில் காட்டிய முகம் அன்றைக்கு உயிரோடு வந்து நின்றது. கப்பல் போகவில்லைதான். ராஜாவே வந்துவிட்டார்! எதிரணி இதற்கு என்ன தர்க்கம் சொன்னாலும் சொல்லட்டும், எனக்குக் காதில் விழாது.

1981 பிப்ரவரியில் ஹோவல் இறந்தார். மே மாதம், ராஸ்தஃபாரி நெறியைப் பாட்டில் உலகமெங்கும் கொண்டுபோன ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி இறந்தார். மார்லிக்கு அரசு மரியாதை.

இரண்டாம் மணி. முடித்துவிடுகிறேன், நடுவர் அவர்களே. ஆச்சி கதையில் ஒன்று சொல்லாமல் விட்டேன். எட்டு வாரம் தவணை வாங்கிய அந்தச் சைக்கிள்காரர் ஒன்பதாவது வாரம் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆச்சி போன பிறகு, வெள்ளையடிப்பதற்காக அந்தப் படத்தை இறக்கினோம். பின்பக்க அட்டையில் செருகி வைத்த சிவப்பு இரண்டு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது.

மயிலுக்குக் கொடுக்க வேண்டிய காசு. வணக்கம்.