பன்னிரண்டாவது சுருள்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பெண்கள் பலருக்கு, தமோக்சிபென் என்னும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுப்பார். 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு மாத்திரை, ஐந்து ஆண்டுகளாவது. கூடவே, மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டால் உடனே வந்து காட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்புவார். இதைக் கேட்டுக்கொண்டு வந்த ஓர் அம்மாள் என்னிடம் கோபித்துக்கொண்டார். "ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனை அடக்குகிற மாத்திரை என்றார்கள். மார்பில் அடக்குகிறதாம், கருப்பையில் அதுவே ஈஸ்ட்ரோஜன் மாதிரி தூண்டிவிடுமாம். இது என்ன கூத்து?"

கூத்துதான். மேடை, செல்லின் உட்கரு.

1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்பவர், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் வந்த வேகத்தில் வெளியேறிய ஹார்மோன், கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் தங்கிவிட்டது. அங்கே அதைப் பிடித்துவைக்க ஒரு புரதம் இருந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. இதுபோன்ற உட்கரு ஏற்பிகள் மனிதருக்கு மொத்தம் 48 உண்டு. கார்டிசால், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் இந்தக் குடும்பத்தில்தான் ஆள் இருக்கிறது.

ஹார்மோனைப் பிடித்த ஏற்பி டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். ஆனால் உட்கார்ந்தால் மட்டும் மரபணு விழித்துக்கொள்வதில்லை. டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளில் இறுகச் சுற்றிக் கிடக்கிறது. அதைத் தளர்த்த ஹிஸ்டோன்மேல் அசெட்டைல் துணுக்குகளை ஒட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஏற்பி துணைப் புரதங்களை அழைத்துக்கொள்கிறது. இன்னொரு வகைத் துணைகளும் உண்டு. அவை ஒட்டியதைப் பிய்க்கிற கூட்டம், மரபணுவை உறங்க வைப்பவை.

எந்தக் கூட்டம் வந்து சேரும்? அந்த அம்மாளுக்கு என் கையிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக் காட்டினேன். ஏற்பிக்குள் ஹார்மோன் அமரும் குழிக்கு ஒரு மூடி உண்டு. புரத இழை சுருண்டு அமைந்த துண்டு அது, பன்னிரண்டாவது சுருள் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் உள்ளே அடங்கிவிடும், மூடி படிந்து மூடும், மூடியதால் வெளிப்புறத்தில் ஒரு சிறு பள்ளம் உருவாகும். தூண்டும் துணைப் புரதம் அந்தப் பள்ளத்தில் வந்து பொருந்தும். தமோக்சிபெனுக்கோ நீண்ட வால் ஒன்று இருக்கிறது. பாக்குவெட்டியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டி மூடுமா? மூடாத சுருள் நகர்ந்து, துணைக்கென்று இருந்த பள்ளத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. 1998இல் ஏற்பியைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரால் படம் பிடித்து இதைக் கண்டார்கள். படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விருந்தாளியின் இலையில் வீட்டுக்காரரே உட்கார்ந்துவிட்டார்!

சரி, கருப்பையில் ஏன் மாறுகிறது? ஏற்பியின் மறுமுனையிலும் துணைகள் பற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அதற்கு மூடியின் தயவு வேண்டாம். கருப்பைச் செல்களில் எஸ்.ஆர்.சி.-1 என்னும் தூண்டும் துணை ஏராளம். ஆய்வகத்தில் அதை மட்டும் குறைத்துப் பார்த்தபோது தமோக்சிபெனின் தூண்டுதலும் அடங்கிவிட்டது. மாத்திரை ஒன்றுதான், ஏற்பி ஒன்றுதான். உடன் நிற்கும் ஆட்கள்தான் வேறு. இதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய்க்கு அதனால் வரும் நன்மை மிகப் பெரிது.

அந்த அம்மாள் தம் பயாப்ஸி ரிப்போர்ட்டை நீட்டினார். ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரிகள். முதலாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. இரண்டாவது புரொஜெஸ்டிரோன் ஏற்பி. அதன் மரபணுவை இயக்குவதே முதலாவதுதான். ஆகவே பி.ஆர். இருந்தால், ஈ.ஆர். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வேலை பார்க்கிறது என்று பொருள். "அந்தத் துணை ஆட்கள் எந்த வரியில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். வழக்கமான ரிப்போர்ட்டில் அவர்களுக்கு இன்னும் வரி ஒதுக்கவில்லை என்றேன்.

வணக்கம்.