மூன்று தரம் சொல்வதற்கு முன்னால்

அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் நடக்கவிருக்கும் வட்டாரக் கலைப்பொருள் ஏலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் வெளிவந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எதை எடுக்கலாம், எது பின்னால் விலை ஏறும்? அதற்குப் பதில் சொல்ல நான் வரவில்லை. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன். ஏலத்துக்கு முன்னால் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள் அல்லவா, அந்த நாட்களில் ஒரு தடவையாவது வாருங்கள். வாங்குகிற எண்ணம் இல்லை என்றாலும் வாருங்கள்.

ஏலம் என்றதும் நம் மனதில் வருவது சுத்தியலும், "ஒரு தரம், ரெண்டு தரம்" என்ற குரலும்தான். உண்மையில் ஒரு படத்துக்கு அங்கே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்கு முன்னால் அது ஒரு வீட்டுச் சுவரில் நாற்பது, ஐம்பது வருடம் தொங்கியிருக்கும். அதற்கு அப்புறம் இன்னொரு வீட்டுச் சுவருக்குப் போய்விடும். நடுவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவு திறந்திருப்பது அந்த இரண்டு மூன்று நாள்தான்.

2019-இல் பிரான்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொம்பியேன் என்ற ஊரில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சாமான்களை மதிப்பிட வந்த ஏலக்காரப் பெண்ணுக்கு இருந்தது ஒரு வாரம். விலை போகாது என்று ஒதுக்கியவை குப்பைக்குப் போக வேண்டியவை. சமையலறையில், அடுப்புக்கு மேலே ஒரு சின்ன மரப்பலகை மாட்டியிருந்தது. விரித்த கை அளவுதான் இருக்கும்: 26 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம். வீட்டில் எல்லோரும் அதை ஏதோ பழைய கிரேக்கச் சாமி படம் என்றே நினைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதைப் பார்த்துவிட்டு நகர மனம் வரவில்லை. நிபுணர்களிடம் அனுப்பினார்.

அது 1280 வாக்கில் இத்தாலியில் சிமாபூவே என்ற ஓவியர் வரைந்தது. கிறிஸ்துவைக் கூட்டம் சூழ்ந்து ஏளனம் செய்யும் காட்சி. எப்படி உறுதி செய்தார்கள் தெரியுமா? ஓவியத்தின் பாணி ஒரு சான்று. அதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. பலகையைப் பூச்சி அரித்த தடங்கள், நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகத்திலும் லண்டன் நேஷனல் கேலரியிலும் இருக்கும் வேறு இரண்டு பலகைகளில் உள்ள தடங்களோடு பொருந்தின. மூன்றும் ஒரு காலத்தில் ஒரே பலகையாக இருந்து அறுபட்டவை. எழுநூறு வருடத்துக்கு மேற்பட்ட உறவைக் காட்டிக்கொடுத்தது புழு போன வழி.

அந்தப் படம் பெரிய நகரத்து ஏல அரங்கில் விற்கவில்லை. பாரிசுக்கு வடக்கே சான்லிஸ் என்ற சிறிய ஊரில், அக்டோபர் 27 அன்று விற்றது. மதிப்பீடு 40 முதல் 60 லட்சம் யூரோ. போனது 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல். பிரெஞ்சு அரசு அதை வெளிநாட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தியது. 2023-இல் லூவர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த விலையைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்டவில்லை. ஒரு ஆள் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தார், அதனால் அது பிழைத்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

வட்டார ஏலங்களில் பட்டியல் தயாரிப்பவர்கள் சில பேர்தான். ஒரு வீட்டுச் சாமான் முழுவதும் வந்து இறங்கும்: கட்டில், கடிகாரம், பீங்கான், அதோடு முப்பது படம். ஒவ்வொன்றையும் ஆராய அவர்களுக்கு நேரம் கிடையாது. தெரிந்ததை மட்டும் நேர்மையாக எழுதுவார்கள். அந்த வாசகங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஓவியரின் பெயர் மட்டும் போட்டிருந்தால், அது அவர் வரைந்தது என்று அவர்கள் நம்புகிறார்கள். "அவருடையது எனக் கருதப்படுவது" என்றால் கொஞ்சம் தயங்குகிறார்கள். "அவர் பட்டறை", "அவர் வட்டம்", "அவர் பாணி" என்று போகப் போக அந்த ஓவியரிடமிருந்து தூரம் கூடும். "அவரைப் பார்த்து வரைந்தது" என்றால் நகல். "கையெழுத்திட்டது" என்பதும் "கையெழுத்து உள்ளது" என்பதும் வேறு வேறு. இரண்டாவதில், அந்தக் கையெழுத்தைப் போட்டவர் யார் என்பதற்கு அவர்கள் பொறுப்பேற்கவில்லை.

அந்தத் தூரம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு சாட்சி. 2005-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வட்டார ஏலத்தில், லியோனார்டோ டா வின்சியைப் பார்த்து வரைந்த நகல் என்று போட்டிருந்த படம் 1,175 டாலருக்குப் போனது. 2017-இல் அதே படம், "சால்வதோர் முண்டி", லியோனார்டோவின் பெயரிலேயே நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு விற்றது. அதில் அவர் கை எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சரி, வந்து எப்படிப் பார்ப்பது? படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், எடுத்துத் தருவார்கள். முன்பக்கம் பார்த்த அளவு நேரம் பின்பக்கத்தையும் பாருங்கள். சட்டம் போட்ட கடையின் சீட்டு, கண்காட்சி லேபிள், சாக்கட்டி எண், கிறிஸ்டீஸ் போன்ற பழைய ஏல நிறுவனங்கள் கறுப்பு மையில் அச்சுத்தகடு வைத்துப் பதித்த எண், எல்லாம் அங்கேதான் இருக்கும். படம் கைமாறி வந்த கதை அது. ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவாருங்கள். சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது வரைந்ததல்ல, அச்சடித்தது. புற ஊதா விளக்கு அடித்தால் பிற்காலத்தில் பூசிய ஒட்டுவேலை கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் வாங்குபவர் தர வேண்டிய கமிஷன் உண்டு, பல இடங்களில் 20 சதவீதத்தைத் தாண்டும். அதையும் சேர்த்து உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அரங்கில் உட்கார்ந்த பிறகு தீர்மானிக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பார்வை நாளில் நான் ஒரு நீர்வண்ணப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஆற்றங்கரை, நாலைந்து மரம், மேலே வெளிறிப்போன வானம். பட்டியலில் "ஓவியர் பெயர் தெரியவில்லை" என்றிருந்தது. எடுத்துக் காட்டச் சொன்னேன். சட்டத்துக்குள் இருந்த அட்டை ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது. பணியாளர் அதை மெல்ல நகர்த்தினார். அட்டை மறைத்திருந்த விரலகல விளிம்பில் வானம் அப்படியே இருந்தது. நல்ல நீலம், நேற்று ஈரம் காய்ந்த மாதிரி. வெயில் படாத அந்த ஒரு கீற்றில் மட்டும் படம் வரைந்தவர் கண்ட வானம் மிச்சம் இருந்தது.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கள் டிராயிங் டீச்சர் போட்ட மரம். அவர் கிளையை இப்படித்தான் முடிப்பார்" என்றார். நாங்கள் பின்பக்கம் திருப்பிப் பார்த்தோம். பென்சிலில் இரண்டு எழுத்து, பாதி அழிந்து. அவர் சொன்ன பெயரின் முதலெழுத்துகள் அவை. மறுநாள் தன் வீட்டிலிருந்த ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். அதில் அதே ஆசிரியர் வரைந்து கொடுத்த ஒரு மரம், அடியில் அதே இரண்டு எழுத்து. ஏலக்காரர்கள் வைத்து ஒப்பிட்டார்கள்.

ஏலத்தன்று அந்தப் படத்தின் எண் வந்தபோது, விலை கேட்கத் தொடங்கும் முன், பட்டியலுக்கு ஒரு திருத்தம் என்று சொல்லி ஏலக்காரர் அந்த ஆசிரியரின் முழுப் பெயரையும் வாசித்தார். நான் என் எல்லை வரை கேட்டேன், கிடைக்கவில்லை. பின் வரிசையில் யாரோ எடுத்தார்கள். அந்த அம்மா ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.