பங்குனிக் காற்றும் மலைத் தீயும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரம் இது. அடுத்த இரண்டு மாதம் நம் மலைப்பகுதியில் வெயிலும் காற்றும் எப்படி இருக்கும், அது தீயை எங்கே கொண்டுபோகும் என்று பேசலாம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி பெய்கிறவரை காட்டுக்கு ஒரு காவல் இருக்கிறது. விடியற்காலையில் சருகு நனைந்து கிடக்கும். அது காய்ந்து தீப்பிடிக்கும் பதத்துக்கு வர முற்பகல் ஆகிவிடும். பங்குனியில் பனி நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிட்டது. நின்று பெய்கிற கோடை மழைக்குப் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பாதி வரை, சில ஆண்டுகளில் மே வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த இடைவெளியில்தான் காடு எரிகிறது.

ஒகேனக்கல்லிலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வரையும், இந்தப் பக்கம் வத்தல்மலை, சித்தேரி மலைகளிலும் இருப்பவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். தண்ணீரை மிச்சப்படுத்த மரங்கள் இலையைக் கொட்டிவிடுகின்றன. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் நின்றபடியே காய்ந்துவிடுகிறது. போதாததற்குப் புதராக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி. தரையில் எரிகிற தீ அதைப் பற்றிக்கொண்டால் மரக்கிளைக்கு ஏறிவிடும்.

ஆனால் புதரோடு முடிய வேண்டிய தீ ஒரு மலையையே எரிப்பதற்குக் காரணம் காற்றும் சரிவும்தான். எத்தனை டிகிரி வெயில் என்று நாம் தினமும் கேட்கிறோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என் கவலை அதுதான்.

பகலில் சரிவுகள் சூடேறும்போது பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கிக் கிளம்புகிறது. காலை பத்து மணி வாக்கில் லேசாகத் தொடங்கி, மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை வலுவாக வீசும். தீயும் மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். எரிகிற தீக்குச்சியைத் தலைகீழாகச் சாய்த்துப் பாருங்கள், நொடியில் விரலைத் தொட்டுவிடும். சரிவிலும் அப்படித்தான்: மேலே நிற்கிற புல்லைத் தீயின் வெப்பம் முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் இருப்பவர்களின் கணக்கு. மலை இடுக்குகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் காற்று ஒடுங்கிப் பாய்வதால் அங்கே இன்னும் மோசம்.

பொழுது சாய்ந்ததும் காற்று திரும்பிவிடும். குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்கும். 'தீ மேலே போய்விட்டது, இனி நமக்குப் பயமில்லை' என்று அடிவாரத்தில் இருப்பவர்கள் நினைத்திருக்கும்போது, அது இரவில் தோப்பை நோக்கி இறங்கலாம். அப்புறம் ஏப்ரல் கடைசியில் இடிமேகம் கட்டும். மழை வந்து அணைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். எங்கோ தள்ளிப் பெய்கிற மழையிலிருந்து கிளம்பும் காற்று முதலில் வரும், எதிர்பாராத திசையிலிருந்து வரும். மழை வராமலே போகலாம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல், சரிவு, காற்று. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நம் மலைகளிலும் இதே மூன்றும் இருக்கின்றன.

நம் காடுகளில் பெரும்பாலான தீ மனிதர் வைப்பது. உடனே ஆடுமாடு மேய்ப்பவர்களையே கைகாட்டுகிறோம்; அது நியாயமில்லை. இளம்புல் வரும் என்று கொளுத்துகிறவர்கள் உண்டு. சில வாரத்துக்குப் புல் தளிர்ப்பதும் உண்மை. ஆனால் மரக்கன்றுகள் கருகிவிடும், மூடாக்கு இழந்த மண்ணை முதல் கோடை மழை வாரிக்கொண்டு போய்விடும். இதை அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதே நேரம் காட்டோரம் கரும்புச் சோகையைக் கொளுத்துவதும், மாந்தோப்பில் சருகைக் கூட்டி நெருப்பு வைப்பதும், தொப்பூர் கணவாயில் வண்டியிலிருந்து பீடித் துண்டை வீசுவதும் யார்?

மாஞ்சருகை எரிக்கவே வேண்டாம். மரத்தடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். காட்டை ஒட்டிய நிலமென்றால் மழை வரும்வரை நெருப்பே வைக்காதீர்கள். காட்டிலிருந்து தள்ளி இருப்பவர்கள் வேறு வழியே இல்லையென்றால் காற்றில்லாத விடியற்காலையில், சுற்றிலும் பத்தடி அகலத்துக்குச் செதுக்கிவிட்டு, தண்ணீரும் பச்சைத் தழையும் கைவசம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சாம்பலைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லையென்று தெரிந்தபின் வீட்டுக்குப் போங்கள்.

மலையில் தீயிடம் மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள். தீ உங்களை முந்திவிடும். பக்கவாட்டில் விலகுங்கள். பாறை, இடுக்காக இல்லாத அகலமான ஓடை மணல், ஏற்கெனவே எரிந்து ஆறிய கருநிலம் இவை பாதுகாப்பான இடங்கள்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு வனத்துறைக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நாளில் சில முறைதான் நம் தலைக்கு மேல் கடக்கின்றன. பிற்பகலில் ஒன்று கடந்துபோனபின் பற்றிய தீ, இரவில்தான் அதன் கண்ணில் படலாம். அதற்குள் தீ மலையுச்சிக்குப் போயிருக்கும். அதனால் புகையைப் பார்த்த உடனே உங்கள் பகுதி வனக்காவலரையோ 101 எண்ணையோ கூப்பிடுங்கள். எந்த மலை, எந்தப் பக்கச் சரிவு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வண்டி வருவதற்கு எந்தப் பாதை என்ற நான்கையும் சொல்லிவிட்டு, அவர்கள் திரும்ப அழைத்தால் எடுக்கும்படி போனைக் கையிலேயே வைத்திருங்கள்.