அந்த நாலு நொடியில் தமிழா மாறியது?

(பட்டிமன்றத் தலைப்பு: சமூகத்தை மொழி உருவாக்குகிறதா, காட்டுகிறதா? ‘காட்டுகிறது’ என்ற அணியின் இரண்டாம் பேச்சு)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். மொழிதான் அச்சு, சமூகம் அதில் ஊற்றி வார்த்த உலோகம் என்றார். கைதட்டல் வாங்கினார், நானும் தட்டினேன். ஆனால் அந்த அச்சைச் செய்த கொல்லன் யார் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.

போன மாதம் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கு அங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கசங்கிய சட்டை, கையில் பழைய பை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே, “என்னப்பா, உனக்கு என்ன வேணும்?” என்றார். பெரியவர் பேசாமல் விண்ணப்பத்தை நீட்டினார். பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற நீதிபதி’ என்று இருந்தது. நாலு நொடிதான். “அடடா, உட்காருங்க சார். முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். உங்களுக்கு என்ன செய்யணும்?”

அந்த நாலு நொடியில் தமிழா மாறியது? அதே வாய், அதே இலக்கணம், அதே பெரியவர். அலுவலர் கண்ணில் அவருக்கு இருந்த இடம் மாறியது. மொழி உடனே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை நான் இன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வதைப் பற்றித் தொல்காப்பியமே பேசுகிறது. அது ‘வழக்கினாகிய உயர்சொற் கிளவி’, இலக்கண நெறிப்படி வந்தது அல்ல என்கிறது. கவனியுங்கள்: வழக்கினால் ஆனது. மனிதர்கள் முதலில் அப்படிப் பேச ஆரம்பித்தார்கள், இலக்கணக்காரர் பிறகு வந்து குறித்துக்கொண்டார். புறநானூற்றில் புலவர்கள் அரசனையே ‘நீ’ என்று விளித்துப் பாடுகிறார்கள். இன்று உங்கள் மேலாளரை அப்படி விளித்துப் பாருங்கள். ‘அவர்’ என்பதே பலரைக் குறித்த சொல். அது ஒருவருக்கான மரியாதையாகி, நாளடைவில் அந்த மரியாதையும் போதாமல் ‘கள்’ சேர்ந்து ‘அவர்கள்’ ஆனது. நான் பேச ஆரம்பித்ததும் ‘நடுவர் அவர்களே’ என்றேன் அல்லவா? நடுவரில் ஓர் ‘அர்’, அவரில் ஓர் ‘அர்’, கடைசியில் ஒரு ‘கள்’. ஒரே ஓர் ஆளுக்கு மூன்று பன்மை விகுதி. இத்தனை அடுக்கையும் மொழி தானாகவா கேட்டது? தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது, அடுக்கிவிட்டேன்.

சரி, மேலிருந்து உத்தரவு போட்டு மொழியை மாற்றினால் சமூகம் மாறுமா? செய்து பார்த்திருக்கிறார்கள். 1938-இல் இத்தாலியில் முசோலினி அரசு ‘லெய்’ என்ற மரியாதைச் சொல்லை ஒதுக்கிவிட்டு ‘வோய்’ என்று பேசச் சொன்னது. ஆட்சி கவிழ்ந்தது, லெய் திரும்பி வந்தது. இன்றும் இத்தாலியில் முன்பின் தெரியாதவரிடம் பேச அதுதான் வழக்கமான சொல். இதோடு சுவீடனை வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் பட்டத்தையும் பதவியையும் சொல்லித்தான் ஒருவரை அழைத்தார்கள். 1967-இல் மருத்துவத் துறை வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்சட், எல்லா ஊழியரையும் ‘டூ’, அதாவது ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் நாடே அப்படிப் பேசத் தொடங்கிவிட்டது. “பார்த்தீர்களா, ஒரு சொல் நாட்டையே மாற்றிவிட்டது” என்று எதிரணி குதிக்கும். தொழிற்சங்கங்களும் சமத்துவ அரசியலும் பல பத்தாண்டுகளாக அந்த மண்ணை உழுது வைத்திருந்தன. ரெக்சட் விதையைப் போட்டார், முளைத்தது. முசோலினி போட்டது பாறையில்.

எதிரணியின் அம்மையார், ‘அவன்’, ‘அவள்’ என்று மொழி பிரிப்பதால்தான் சமூகமும் ஆண் பெண் என்று பிரித்து வைக்கிறது என்றார். அவர் கோபம் நியாயமானது. கணக்குதான் உதைக்கிறது. பின்னிஷ், துருக்கி, பாரசீக மொழிகளில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது, இருவருக்கும் ஒரே சொல். அம்மையார் சொன்னபடி என்றால் அங்கெல்லாம் பெண்ணுக்கு ஒரே நேரத்தில், அதுவும் முதலில், ஓட்டு வந்திருக்க வேண்டும். பின்லாந்தில் வந்தது 1906. துருக்கியில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1934. ஈரானில் 1963. இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1893-இலேயே, நாட்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது நியூசிலாந்து. அங்கே ஆங்கிலம், ‘ஹீ’, ‘ஷீ’ என்று வாய்க்கு வாய் பிரிக்கும் மொழி.

ஓரிடத்தில் மட்டும் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்படும் கூகு இமிதிர் மொழியை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். கங்காரு என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த மொழி அது. அங்கே வலப்பக்கம், இடப்பக்கம் என்று சொல்வதில்லை; ‘உன் வடக்குக் காலுக்குப் பக்கத்தில் எறும்பு’ என்கிற மாதிரிதான் பேச்சு. அதனால் அந்த மொழியில் வளர்பவர்கள் எந்நேரமும் திசை தெரிந்தே இருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், பேச்சு கவனத்தைப் பழக்குகிறது. ஆனால் திசை தெரிவது வேறு. யார் உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பது வேறு. இன்றைய தலைப்பு இரண்டாவதைப் பற்றியது.

‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் மரியாதையைக் கொண்டுவந்தது என்றும் சொன்னார்கள். நல்ல சொல், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் உரிமை கேட்டுப் போராடியவர்கள் முதலில் வந்தார்கள், சொல் அவர்கள் பின்னால் வந்தது. சமூகம் மாறாமல் சொல் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ‘கிழவன்’ சாட்சி. பழந்தமிழில் கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரிமை உடையவன், தலைவன். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, இன்று யாரையாவது நேரில் அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான். முதியவர் என்று மாற்றினோம். அப்புறம் மூத்த குடிமக்கள் என்றோம். வயதானவரைப் பாரமாகப் பார்க்கும் கண் மாறாதவரை அடுத்த சொல்லையும் தேடிக்கொண்டேதான் இருப்போம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். எதிரணித் தலைவர் தொடங்கும்போது எங்களை ‘மதிப்பிற்குரிய நண்பர்கள்’ என்றார். எங்கள் முதல் பேச்சாளர் கைதட்டல் வாங்கியதும் ‘அந்த அணியினர்’ ஆனோம். சற்று முன் அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எதையோ சொன்னது ஒலிவாங்கியில் விழுந்தது. “இவங்க எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க.” அடுத்து மறுப்புரை அவருடையது. அதில் நாங்கள் என்ன ஆகிறோம் என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே.