கடற்கரையில் பிறந்த பீட்ரூட்

கொடைக்கானல் பண்பலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மலையில் உட்கார்ந்துகொண்டு உப்பு நிலத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கேட்பவர்கள் நினைக்கலாம். நியாயம்தான். இங்கே பெய்கிற மழை உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடுகிறது. நம் மண்ணின் சிக்கல் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. அதனால்தான் சுண்ணாம்பு போடுகிறோம். ஆனால் இந்த வானொலியை மலைக்குக் கீழேயும் கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது.

என் அத்தை ராமநாதபுரம் கடலோரத்தில் வாக்கப்பட்டவர். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு கார்த்திகையில், இங்கிருந்து பீன்ஸ் விதையும் பீட்ரூட் விதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொல்லையில் இரண்டு பாத்தி கட்டினார். முளைக்கிற வரைக்கும் குடிதண்ணீரைத் தெளித்தார், அப்புறம் கிணற்றுத் தண்ணீர். கொஞ்ச நாளில் பீன்ஸ் இலைகள் ஓரத்திலிருந்து தீய்ந்து, செடியே பட்டுப்போனது. பீட்ரூட் மட்டும் அசையவில்லை. கிழங்கு சின்னதுதான், ஆனால் நல்ல இனிப்பு. "ஏப்பா, பனியில வளர்றது இந்த உப்புல எப்படிப்பா நிக்குது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் பீட்ரூட்டின் பிறந்த ஊரில் இருக்கிறது. நாம் மலைக்காய்கறி என்று சொல்கிற இதன் மூதாதை ஐரோப்பாவின் கடற்கரைச் செடி. அலையின் சாரல் படும் இடங்களில் இன்றும் அது தானாக முளைத்துக் கிடக்கிறது. இதன் உடன்பிறப்பான, சர்க்கரை எடுக்கிற சர்க்கரை பீட்டைப் பயிரிடும் ஐரோப்பிய விவசாயிகள் சாதாரண உப்பையே உரமாக வயலில் போட்டதுண்டு. நம் கடலோர உமரிச் செடியும் இதே குடும்பம்தான்.

மண் பரிசோதனைச் சீட்டில் ஈ.சி., அதாவது மின்கடத்தும் திறன், என்று ஓர் எண் இருக்கும். மண்ணில் உள்ள உப்பின் அளவை அது காட்டுகிறது. 4-க்கு மேல் போனால் உவர் நிலம் என்பார்கள். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். பீட்ரூட் 4 வரைக்கும் தாங்கும். பீன்ஸ் விளைச்சல் பாதியாக 3.6 போதும், பீட்ரூட்டுக்கு ஏறக்குறைய 9.6 ஆக வேண்டும். ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கிற செடிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம்! ஆனால் முளைக்கும்போது பீட்ரூட்டும் உப்புக்கு இளைத்ததுதான். அத்தை முதலில் குடிதண்ணீர் தெளித்தது அந்தச் செடியைக் காப்பாற்றியது.

செடி உப்பை என்னதான் செய்கிறது? பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனால் வெண்கண்டல் மரத்தின் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை இலைச் சுரப்பிகள் வியர்வை மாதிரி வெளியே தள்ளுகின்றன. அங்கேயே நிற்கிற சுரபுன்னை, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. உமரி உப்பை உள்ளே விட்டு, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற பையில் பூட்டி வைத்து, அந்த உப்பின் பலத்திலேயே மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. பீட்ரூட்டின் வழியும் இதுதான். உப்பில் இருக்கிற சோடியத்தை அந்தப் பைக்குள் தள்ளுகிற புரதம் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1985-இல் புளூம்வால்ட், பூல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பீட்ரூட் கிழங்கைத்தான். 2001-இல் இதே வகைப் புரதத்தைத் தக்காளியில் கூடுதலாகச் சுரக்கவைத்தபோது, மிகுந்த உப்புநீரிலும் அது காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்துக்குப் போகவில்லை. எனக்கு இன்றும் இது ஆச்சரியம்தான்.

இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் ஏறக்குறைய 67 லட்சம் ஹெக்டேர். அவ்வளவையும் கழுவி நல்ல மண்ணாக்க நம்மிடம் தண்ணீர் கிடையாது. அதனால் நிலத்துக்கேற்ற செடியைத் தேடுவதுதான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன். நம் முன்னோர் அதைச் செய்திருக்கிறார்கள். களர்பாலை, உவர்முண்டான் என்று நெல்லுக்கு வைத்த பெயரிலேயே நிலம் இருக்கிறது. கேரளத்துப் பொக்காளி நெல் கடல்நீர் ஏறி இறங்கும் வயலில் விளைகிறது. களர் நிலத்துக்கென்றே, அதாவது சோடியம் மிகுந்து கெட்ட நிலத்துக்கென்றே, திருச்சி வேளாண் கல்லூரி திருச்சி 1, திருச்சி 3 என்று நெல் ரகங்கள் தந்திருக்கிறது. களர் நிலம் வைத்திருப்பவர்கள் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்துவிட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 நாளில், பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிட்டு நடவைத் தொடங்கலாம். ஜிப்சம் வேலை செய்ய வடிகால் அவசியம், அதை மறக்க வேண்டாம்.

உமரியை அத்தை கீரையாகச் சமைப்பார். பல தண்ணீரில் அலசி, வேகவைத்து, அந்த நீரையும் கொட்டிவிட்டுத் தேங்காய் சேர்ப்பார், உப்பே போடமாட்டார். கால்நடைக்குக் கொடுப்பதானால் மற்ற தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். உவர் நிலத்தில் எதுவும் வளர்ந்தால் போதும் என்று விட்டுவிடவும் கூடாது. சீமைக்கருவேலமும் உப்பைத் தாங்கும் மரம்தான். அது ராமநாதபுரத்தை என்ன செய்திருக்கிறது என்று பேருந்து ஜன்னலில் பார்த்தாலே மனசு கனக்கிறது.

மேல்மலை நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பசுமைக்குடில் போட்டுப் பூ வளர்ப்பவர்கள் சொட்டுநீரில் உரம் கொடுக்கிறீர்கள், கூரை மழையைத் தடுக்கிறது. கழுவ ஆளில்லாமல் உர உப்பு அங்கேயே தங்குகிறது. பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈ.சி. பாருங்கள். பூ அறுத்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு மண்ணை ஒரு முறை கழுவுங்கள்.

கீழே இருப்பவர்கள் போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அரை லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். விதை வாங்குவதை அந்தச் சீட்டு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அத்தை கொல்லையில் இப்போதும் கார்த்திகையில் பீட்ரூட் போடுகிறார்கள். விதை இங்கிருந்துதான் போகிறது.

நன்றி, வணக்கம்.